குன்றிமணி எண்ணெய்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் நலம். நீங்கள் போனில் பேசிய பிறகும் நலம்.

போனில் நீங்கள் பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் யாரும் வெட்ட முடியாது. குன்றிமணி விஷம் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தால் உலகத்துச் செடியெல்லாம் தெரிந்துவிடுமா? என் பின்வேலியில் அந்தக் கொடி ஏழு வருடமாகப் படர்ந்திருக்கிறது. இலையை மென்றால் இனிக்கும், விதையை உடைத்துத் தின்றால் ஆள் காலி. இரண்டும் எனக்குத் தெரியும். விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, விஷத்தை எடுத்த பிறகுதான் எண்ணெய் காய்ச்ச வேண்டும் என்பதும் தெரியும். நான்கு புத்தகம் வாங்கிப் படித்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பஸ் இன்ஜினைப் பிரித்துக் கோத்தவனுக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

என் மகள் தலையில் மூன்று இடத்தில் புழுவெட்டு. முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாளாம். அதை உங்கள் மாத்திரைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன? பாட்டிலை அனுப்பியிருக்கிறேன். தேய்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. அவள் அன்றே தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். மிக்க நன்றி. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

நேற்று மகள் போட்டோ அனுப்பினாள். மூன்று இடத்திலும் முடி. ஒரு இடத்தில் வெள்ளையாக முளைத்திருக்கிறது, அது கறுத்துவிடும். முக்காடு இல்லாமல் சிரிக்கிறாள். போட்டோவைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன்.

இப்போது என்ன சொல்கிறீர்கள்? ஒன்றும் சொல்ல வேண்டாம். மூன்று மாதம் விடாமல் தேய்க்க வைத்தீர்களே, அதற்கு நன்றி. உங்களுக்கு நான் நன்றி எழுதுவது இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரரின் பெண்ணுக்குத் தலையெல்லாம் புண்ணாகி முடி கொட்டுகிறது. எட்டு வயது. போட்டோவைப் பார்த்ததும் அவர், "அண்ணே, எம்பொண்ணுக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். புதிதாகக் காய்ச்சி வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி தருவதாகச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மாமனார்


ஜூன் 10

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொன்னால் வைத்துவிடுவீர்கள் என்று கூரியரில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். அந்தப் பெண்ணுக்கு எண்ணெயைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பியதை நான் கொட்டிவிட்டேன். பாட்டில் வந்த அன்று அவள் அரிப்பு தாங்காமல் தலையைச் சொறிந்து ரத்தம் வரவைத்திருந்தாள். குன்றிமணி விஷம் புண் வழியாக உள்ளே போனால் என்ன ஆகும் என்று நினைத்ததும் பாட்டிலை அவளிடம் கொடுக்காமல் எடுத்து வைத்துக்கொண்டேன். பாலில் வேகவைத்தால் விஷம் முழுவதும் போகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவள் தலையில் வைக்க மனம் வரவில்லை. வெறும் நல்லெண்ணெயில் வெந்தயம் போட்டுக் காய்ச்சி உங்கள் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். முடி தானாகவே திரும்பி வரலாம் என்று தோல் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நேற்று அவளிடமும் சொன்னேன். "மூணு மாசமா வெறும் நல்லெண்ணெயவா நான் அப்பா, அப்பான்னு தேய்ச்சேன்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்களே எழுதுங்க. என்னை நடுவுல இழுக்காதீங்க" என்றாள்.

ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. பாட்டிலில் நீங்கள் ஒட்டிய காகிதம். 'தினம் இருவேளை. கண்ணாடி பார்க்காதே. அப்பா.' தேய்க்கும் முன் அதை ஒருமுறை படிப்பாள். வேலை விட்டால் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் அந்த வாரம்தான் மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கு என்னிடம் மருந்து இருக்கவில்லை, மாமா. நான் நன்றி எழுதியது அதற்குத்தான், பொய்யாக எழுதவில்லை.

மன்னியுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 16

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. நீங்கள் வருத்தப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் கேட்காமல் கொட்டியது தப்பு. என் பாட்டிலிலேயே வேறு எண்ணெயை ஊற்றியது அதைவிடப் பெரிய தப்பு. அடுத்த வருடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இனி என் பங்கு. விதையை ஒரு ஜாமம், அதாவது மூன்று மணி நேரம், பாலில் வேகவிட வேண்டும் என்பது புத்தகம். நான் வைத்த முக்கால் மணி நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது. மறு சிலிண்டர் வர நான்கு நாள் என்றார்கள். மகள் அழுதுகொண்டே பேசியது காதிலேயே இருந்தது. போதும் என்று இறக்கிவிட்டேன். பிரேக் பார்க்காமல் ஒரு வண்டியையும் நான் ஷெட்டை விட்டு வெளியே விட்டதில்லை. என் பிள்ளைக்கு அனுப்பியதை மட்டும் அப்படி விட்டிருக்கிறேன். நீங்கள் போனில் விஷம் என்றபோதே அது எனக்கு உறுத்தியது. அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

கொட்டியதற்கு நன்றி. கேட்காமல் கொட்டியதற்கு இல்லை, கொட்டியதற்கு.

இந்தத் தடவை விதையை வேகவைத்தது முழு மூன்று மணி நேரம். இருந்தாலும் அந்த எண்ணெயைக் குழி தோண்டி ஊற்றி மூடிவிட்டேன். கொடியை வெட்டச் சொல்லி எழுதாதீர்கள், வெட்டமாட்டேன். பிள்ளைகள் காய் பறிக்காமலிருக்கக் கம்பிவலை அடித்திருக்கிறேன்.

நேற்று தையல்காரர் கிண்ணத்தோடு வந்தார். தர மாட்டேன் என்றேன். "ஏண்ணே, போட்டோவெல்லாம் காட்டுனீங்களே" என்றார் பாவம். அது என் எண்ணெயில் முளைத்த முடி இல்லை என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். நாலு பேர் கேட்டார்கள், கேட்கட்டும். மகளைப் பார்த்த தோல் டாக்டரிடம் அந்தப் பெண்ணைக் காட்ட வேண்டும். வரும் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இருவரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். "டாக்டர் சொல்றது நமக்குப் புரியுமாண்ணே?" என்று அவர் பயந்தார். "என் மாப்பிள்ளை கூட இருப்பார், அவர் சொல்றபடி செய், போதும்" என்று சொல்லியிருக்கிறேன். லீவு போட்டு வையுங்கள்.

மாமனார்