வாடகைக்கு ஏணி

மார்ச் 4, செவ்வாய்

நம் ஹார்ட்வேர் கடையில் ஏணி, ட்ரில் மெஷின் எல்லாம் வாடகைக்கும் விடலாமா என்று நகராட்சியில் கேட்டுவிட்டு வந்தேன். விற்பதற்கு வாங்கிய லைசென்ஸ் வாடகைக்குச் செல்லாதாம். "வித்துட்டா அது அவங்க பொருள். வாடகைக்கு விட்டா, விழறவங்க உங்க ஏணியிலிருந்துதான் விழுவாங்க," என்றார் பரிசோதகர் அம்மா. சிரிக்காமல்தான் சொன்னார். தனி விண்ணப்பம், காப்பீடு, பரிசோதனை. அப்புறம், எடுத்துப் போகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பொறுப்பாளர்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பார். கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

சொன்னேன். குதி குதியென்று குதித்தார். "ஏணியிலிருந்து விழுந்தவனைப் போய் ஏணிக்குப் பொறுப்பாப் போடுவியா? ஊரே சிரிக்கும்."

சிரிக்கட்டுமே. இத்தனை வருஷம் பெயின்டராக இருந்த மனுஷன், போன வருஷம் விழுந்து கால் உடைந்ததிலிருந்து சோபாவே கதி. எலும்பு சேர்ந்துவிட்டது, தைரியம்தான் சேரவில்லை. இந்த வாடகை யோசனையே இவரை வெளியே இழுக்கத்தான். வாய்விட்டுச் சொன்னால் இன்னும் சுருங்கிப்போவார்.

மகள் போனில், "அம்மா, அப்பாவையே வாடகைக்கு விட்டுடாதே," என்றாள். "எவன் எடுப்பான்?" என்றேன். உள்ளேயிருந்து வேண்டுமென்றே ஒரு இருமல்.

மார்ச் 11, செவ்வாய்

அதிசயம்! தானாகவே கடைக்கு வந்தார். பின்கட்டில் கிடந்த ஆறு மர ஏணிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதையா விடப்போற? அழுது வடியுதே." பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

ஆறும் மஞ்சள். ரெண்டு கோட்டிங். கண்ணைப் பறிக்கிறது. மனுஷன் விசிலடிக்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

மண்ணாப் போச்சு.

பரிசோதனைக்கு வந்த அந்தப் பரிசோதகர் அம்மா ஏணிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "யார் பெயின்ட் அடிச்சது?" இவர் பெருமையாக, "நான்தாங்க." "மர ஏணிக்கு பெயின்ட் அடிக்கக்கூடாதுங்க. விரிசல் இருந்தா மறைஞ்சிடும். நான் எதைப் பார்த்து கையெழுத்துப் போடறது?" முழுக்கச் சுரண்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் போய்விட்டார்.

மரத்தைக் கண்டால் கை துறுதுறுக்கிற பெயின்டரைத் தவிர யார் இப்படிச் செய்வார்கள்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் நேராக வீட்டுக்குப் போய் சோபாவில் படுத்துவிட்டார். அதுக்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரல. நானே கூட்டிட்டு வந்து நானே அவமானப்படுத்திட்டேனா? பேசாம என் பேரையே போட்டிருக்கலாமோ?

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிட்டார். மறுபடியும் சோபா.

மார்ச் 20, வியாழன்

நானே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியம் பார்த்தால் வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "இப்படித் தேய்ச்சா அடுத்த வருஷம்தான் முடியும். தள்ளு."

தள்ளினேன். நல்லவேளை, என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஐந்தாவது ஏணியில், மஞ்சளுக்கு அடியில், மேல் படியில் முடி மாதிரி ஒரு விரிசல். கூப்பிட்டுக் காட்டினார். "இதை நான்தானே மூடி வெச்சேன்? எவனாவது ஏறியிருந்தா?" ரம்பத்தை எடுத்து அந்த ஏணியை இரண்டாக அறுத்துப் போட்டார். நல்ல விலை போகிற ஏணி. நான் தடுக்கவில்லை. ஆறாவதைச் சுரண்ட உட்கார்ந்தார்.

ஏப்ரல் 2, புதன்

மிச்சம் ஐந்தும் தேறின. லைசென்ஸ் வந்துவிட்டது! "பொறுப்பாளர் யாரு?" என்று அந்தம்மா கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "விழுந்த அனுபவம் எனக்குத்தாங்க இருக்கு," என்றார். அந்தம்மாவே சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் ஆள், புதுசாகக் குடிவந்தவர். செருப்போடு வந்ததால் ஏணி தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார் இவர். எனக்கு வயிறு எரிந்தது. முதல் போணியே இப்படியா? "ஷூ போட்டுட்டு வரட்டும். வழுக்கினா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

நல்ல மனுஷன், ஷூவோடு திரும்பி வந்தார். ஏணியை எப்படிச் சாய்ப்பது, எங்கே பிடிப்பது என்று இவர் காட்டினார். காட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, மூன்று படி ஏறிவிட்டார். தனக்கே தெரியாமல். நான் ஆணி நிறுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் கடைச் சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டேன். அப்புறம் பார்த்தால் இவரையும் காணோம்.