பிலோமினா குறுக்கே பேச முடியாத சனிக்கிழமை

சனி
காலையிலிருந்தே வெயில். மணலிப் பக்கத்துக் காற்றில் கேஸ் நாற்றம். பேக்கரியில் அரை நாள், ரஸ்க் பேக்கிங். கை முழுக்கச் சர்க்கரை.

மாலை, ராயபுரத்தில் பெண்கள் வட்டம். கோயில் பக்கத்து ஹால், பாய், நடுவில் மெழுகுவர்த்தி. சங்கு யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டும்தான் பேச வேண்டும். மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. நான் இதுவரை பேசியதில்லை. சங்கு வந்தால் அப்படியே பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுவேன்.

இன்று புதிதாக வந்தவள் பிலோமினா. செத்துப்போன என் வீட்டுக்காரரின் அக்கா. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரே பாயில். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. பிறகு சங்கை வாங்கிக்கொண்டாள்.

"என் தம்பி கண்டெய்னர் லாரில அடிபட்டு பூட்டான். அவன் பொண்டாட்டி நாலு வயசுப் புள்ளய வுட்டுட்டு எவன்கூடவோ ஓடிட்டா. நான்தான் வளத்தேன். எனுக்கு வேற யாரு கீறா?"

எல்லோரும் அழுதார்கள். என் பக்கத்தில் இருந்த லதா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். வட்டத்தை நடத்தும் வசந்தி மேடம், "அடுத்த வாரம் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, அவளும் கேக்கட்டும்" என்றார்.

சங்கு என்னிடம் வந்தது. வழக்கம்போல் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன். இன்று பேசினால் இவர்கள் மட்டும்தான் கேட்பார்கள்.

திங்கள்
வாங்க: ஷாம்பு, லைட்டர். செருப்பு தைக்க.
பி. முகத்தை நினைத்துக்கொண்டே மாவு பிசைந்தேன். நன்றாக வந்தது.
லதா போன். "பாவம்க்கா அந்தம்மா." ம் என்றேன்.

புதன்
என் மகள் ஜெனி முன்னால் சொல்ல வேண்டாம் என்று ஒரு மனம். அவள் முன்னால்தான் என்று இன்னொரு மனம். மன்னித்தால் மனசு லேசாகும் என்பார் மேடம். எனக்கு லேசாக வேண்டாம். பி.க்குக் கனக்க வேண்டும்.

சனி
தூறல். பஸ் லேட்.
ஜெனி வந்திருந்தாள். அவள் அப்பாவின் நெற்றி. பி. அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சங்கை வாங்கினேன்.

"ஓடிப்போன பொண்டாட்டின்னு சொன்னாங்களே, அது நான்தான். நான் எங்கயும் ஓடல. அவரு செத்த முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும், புள்ள இங்கயே இருக்கட்டும், நீ அம்மா வூட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வான்னு இவங்கதான் அனுப்பிச்சாங்க. திரும்பி வந்தா வூடு பூட்டிக் கீது. புள்ளயோட காலி பண்ணிகினு பூட்டாங்க. தேடித் தேடி மாத்தூர்ல ஒரு ஸ்கூல் வாசல்ல பாத்தேன். ரெண்டாங் கிளாஸ் படிச்சிகினு இருந்துச்சு. க்ரீம் பன்ன நீட்னேன். புள்ள புடிக்கிறவ வந்துட்டான்னு அலறிச்சு. அப்டி சொல்லி வெச்சிருந்தாங்க. அப்பறம் போனா, அந்த ஸ்கூல்லயே இல்ல."

பி. வாயைத் திறந்தாள். மேடம் கை காட்டி நிறுத்தினார். சங்கு என்னிடம். அந்த மூடிய வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தேவைக்கு மேலேயே மெதுவாக.

ஜெனி பி.யிடம் கேட்டாள்: "அத்த, ஸ்கூல் வாசலுக்கு பச்சப் பொடவ கட்டிகினு வந்தாங்களே, அது இவங்களா?"

பி. அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். லதா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெனி கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என்னையும் பார்க்கவில்லை.

ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. துணி ஊறவைத்தேன்.

மதியம் வாசலில் பி. லதாவிடம் விலாசம் கேட்டு திருவொற்றியூர் வரை வந்திருக்கிறாள். தலை வாரவில்லை.

"ஜெனி பையத் தூக்கிகினு பெரம்பூர்ல தோஸ்து ரூமுக்குப் பூட்டா. என் போன எடுக்கல. நீயாச்சும் பேசு ரோசி."

"அவ நம்பர் எனுக்கு எப்டித் தெரியும்?"

ஒரு சீட்டை நீட்டினாள். "ஜுரம்னா ராவெல்லாம் மடில போட்டுகினு ஒக்காந்திருக்கேன்டி. அது பொய்யா?"

பொய்யில்லை. அவள் அப்படித்தான் வளர்த்திருப்பாள். இருந்தாலும் உட்காரச் சொல்லவில்லை. சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். சந்து திரும்பும் வரை அவள் முதுகைப் பார்த்தபடி நின்றேன்.

போன் பண்ணவில்லை.

ஜெனி என்னிடம் வரவில்லை. பி.யிடமும் இல்லை.

சங்கரா மீன் குழம்பு. இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.