இருபத்து மூன்று நாள் ஓட்டிப் பார்த்த கார்

வெஸ்ட்ரம், மினசோட்டா
மார்ச் 27, வியாழன்

அன்பு மகள் சோல்வேக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் காது ஆறிவிட்டது, அப்பாவின் முழங்கால் மாடிப்படியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சொன்னபடி கேட்கிறது. நீயும் மாப்பிள்ளை மாத்தேயோவும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் காலையிலிருந்து ராத்திரி வரை என் நினைப்பு. இங்கே தபால் பெட்டி கழுத்து வரை இன்னும் பனியில்தான் நிற்கிறது, உங்கள் டூசானில் இப்போதே வெயிலுக்கு ஜன்னலில் திரை போட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. ‘எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலையணும், நாங்க சமாளிச்சுக்குவோம்’ என்றாய். நிஜமாகவே வேண்டாம் என்கிறாயா, நம் ஊர் வழக்கப்படி வாய் வார்த்தைக்கு வேண்டாம் என்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கார் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அங்கே வருவதும் வராததும் அந்தக் காரில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது.

பழைய வேன் கதை உனக்குத் தெரியும். குளிர்காலமெல்லாம் பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு அரித்து அரித்து ஓட்டுகிறவர் காலடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அப்பா அதன்மேல் கேக் சுடுகிற தட்டு ஒன்றை வைத்து ஒட்டியிருக்கிறார், அது என்னுடைய நல்ல தட்டு. காது டாக்டர் ஆறு மாதத்துக்கு விமானம் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார், ஆகவே உங்கள் அரிசோனா என்றால் மூன்று நாள் ரோட்டில்தான், அந்த வேனோ அயோவாவைத் தாண்டாது. அதனால் நான்தான் சொன்னேன், ஒரு சின்ன எஸ்யூவி வாங்கிவிடுவோம் என்று. பெரிய வண்டி நமக்கு எதற்கு, தரையோடு உட்காருகிற காரில் அப்பாவால் இறங்க முடியாது, இடுப்பு உயரத்தில் சீட் இருக்க வேண்டும், பனியில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், பின்னால் ஒரு குழந்தையும் கொஞ்சம் சாமானும் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. அப்பா உடனே தலையாட்டினார், நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதே இது சீக்கிரம் முடியாது என்று தெரிந்துபோனது. முப்பத்தெட்டு வருஷம் தானியக் கிடங்கில் கோதுமைக்குத் தரம் போட்ட மனுஷன், கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் ‘மோசமில்ல’ என்றுதான் சொன்னார். அதுதான் இந்த ஊரில் ஆகப் பெரிய பாராட்டு என்று தெரிந்திருந்ததால் நான் அழாமல் இருந்தேன்.

மார்ச் ஒன்றாம் தேதி சனிக்கிழமை ஊர்க்கோடியில் கார் விற்கிற லைல் கடைக்குப் போனோம். உன்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தானே, காது சிவந்தவன், அதே லைல்தான். நீல நிறத்தில் ஒன்று நின்றது, ஏறி உட்கார்ந்தேன், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. லைல் சாவியை அப்பா கையில் கொடுத்து ‘சும்மா வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க, அவசரமே இல்ல’ என்றான். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காது. அவசரமே இல்லை என்று ஒருவர் சொன்ன பிறகு மறுநாளே கொண்டுபோய் விட்டால் காரைப் பிடிக்கவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமாம். மறுநாளே வாங்கிவிட்டால் கொடுத்தவனை அவசரப்படுத்திய மாதிரி ஆகுமாம். அதனால் அப்பா ஒரு வாரம் வைத்துக்கொண்டார், ஒரு வாரம் வைத்துக்கொண்டு சும்மா திருப்பிக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று இன்னொரு வாரம்.

அந்த நாட்களில் அவர் செய்த சோதனைகளை எழுதினால் தபால்தலை போதாது. சர்ச் அடித்தளத்திலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து பின்சீட்டைச் சாய்த்து அடுக்கினார், பதினான்கு பிடித்தது, பதினைந்தாவதை அடைக்கப் போய் தன் கட்டைவிரலை அடைத்தார். பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற மூன்று பெருத்த மனிதர்களைப் பனிக்கோட்டோடு பின்சீட்டில் வரிசையாக உட்காரவைத்து, மூச்சு விட முடிகிறதா என்று பார்ப்பதற்காகப் பாடச் சொன்னார். இரண்டு பாட்டு முழுசாகப் பாடினார்கள், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது, உடனே ஆவி போக்கும் விசிறிக்கும் சோதனை முடிந்தது என்று குறித்துக்கொண்டார். நான் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தை டிக்கியில் வைத்து ரயில் தண்டவாளத்தை ஐந்து தடவை தாண்டினார், சாறு ஒரு சொட்டு சிந்தவில்லை, ‘முதல் தரம்’ என்று எழுதினார், பிறகு அதைத் தின்றும் பார்த்தார். போன வாரம் செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு நடந்து வருகிறேன், எதிரே நம் கார் வருகிறது, பின்சீட்டில் குழந்தை நாற்காலி, அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டே வந்ததும் பார்த்தால் நம் பெரிய ஃப்ரீசரில் இருந்த இருபது பவுண்டு வான்கோழி. பெல்ட் போட்டு, உன் குழந்தைக்காக நான் பின்னிய மஞ்சள் குல்லாயைப் போட்டு உட்கார வைத்திருந்தார். இருபது பவுண்டில் எந்தக் குழந்தைங்க பொறக்கும் என்று நடுரோட்டில் நின்று கேட்டேன். ‘வளரும் இல்ல?’ என்றார். அதற்குள் பக்கத்து வீட்டு பெவர்லி கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ‘அப்படியே ஆர்டன் ஜாடைதான்’ என்று அப்பா பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குக் கண்ணில் புரை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. குல்லாயை இரண்டு தடவை துவைத்துவிட்டேன், வாசனை எதுவும் இல்லை.

லைல் பாவம், அவன் நிலைமை இதைவிட மோசம். விற்கிறவன் வந்து வாங்கறீங்களா இல்லையா என்று கேட்டால் நெருக்குவது போல் ஆகிவிடும், ஆகவே அவன் கேட்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்தான், காபி குடித்தான், நான் தட்டில் சுட்டு வெட்டி வைத்த இனிப்பு எலுமிச்சை பார் ஒன்று தின்றான், பனியைப் பற்றிப் பேசினான், ஏரியில் ஐஸ் எத்தனை அங்குலம் என்று பேசினான். கிளம்பும்போது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றான், ‘வண்டி எப்படிப் போவுது?’ என்றான். அப்பா ‘மோசமில்ல’ என்றார். லைல் முகம் மலர்ந்தது, இதோ கேட்கப் போகிறான் என்று நான் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘நல்லது, நல்லது, அப்ப நான் வரேன்’ என்று சொல்லி பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த தடவை வந்து டேங்கை நிரப்பிக் கொடுத்தான். ஐயையோ இது நியாயமில்லை என்று அப்பா போய் அவன் கடை முற்றத்துப் பனியை முழுக்க அள்ளிப் போட்டார். அதற்கு நன்றியாக அவன் ஆயில் மாற்றினான். அதற்கு நன்றியாக அப்பா அவன் அம்மாவை அதே காரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அதைப் பார்த்த பாஸ்டர் ஒரு நல்லடக்கத்துக்குக் காரைக் கேட்டார், பிறகு சர்ச் நிர்வாகக் குழு கேட்டது, கடைசியில் சர்ச் அடித்தளத்தில் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் தொங்கவிட்டார்கள், கார் வேண்டுகிறவர்கள் பெயர் எழுத வேண்டுமாம். நான் முடி வெட்டிக்கொள்ளப் போக வேண்டும் என்று பார்த்தால் என் பெயருக்கு ஏழாவது இடம். ஏப்ரல் ஒன்றிலிருந்து மே கடைசி வரை அரிசோனா என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன், மறுநாள் போய்ப் பார்த்தால் ஏப்ரல் ஆறாம் தேதி கட்டத்தில் யாரோ என் எழுத்துக்கு மேலே ரொம்பச் சின்னதாக ‘ஞானஸ்நானம், முடிந்தால்’ என்று எழுதியிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வேண்டாம் என்று சொன்னது. அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் ‘அவ வேண்டாங்கறா, அப்ப அவசரம் இல்ல, ஜூலை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டா ஏசி எப்படின்னும் தெரிஞ்சிடும்’ என்றார். சோல்வே, நாற்பத்தொரு வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது மூன்று தடவை இருக்கும், அது நாலாவது. ஏங்க, உங்க பேத்தி பள்ளிக்கூடம் போற வரைக்கும் இந்தக் காரை ஓட்டிப் பாத்துக்கிட்டே இருங்க, நான் நடந்தே போயிக்கறேன் என்று கத்திவிட்டேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் கார் கண்ணாடியில் இல்லாத பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கார் மேல் சந்தேகம் இல்லையடி. போய் நிற்கும்போது நீ முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம், எனக்கும் அதே பயம்தான், அவர் அதைக் கார் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் தனியாக லைல் கடைக்குப் போனேன். லைல், அந்தக் காரை நாங்க வாங்கிக்கறோம், காகிதத்தை எடு என்றேன். நான் குளியல் துண்டோடு வந்து நின்ற மாதிரி அவன் காது இரண்டும் சிவந்துபோனது. ‘நல்லா யோசிச்சீங்களா, அவசரமே...’ என்று ஆரம்பித்தான், அவசரம்டா, எனக்கு அவசரம் என்றேன். இந்த ஊரில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, என் வாயிலிருந்துதான் வந்தது. அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், ‘மார்லிஸ் ஆன்டி, இன்னும் ஒரு வாரம் போயிருந்தா அந்தக் காரை உங்களுக்குச் சும்மாவே குடுத்திருப்பேன், எப்படிக் கேக்கறதுன்னே தெரியல’ என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக சர்ச்சுக்குப் போய் அந்தத் தாளைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். நிர்வாகக் குழுவுக்கு இரண்டு தட்டு பார் செய்து கொடுத்துவிட்டேன், பகை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் டக்கோட்டாவிலிருந்து என் அம்மா போன் செய்து ‘நான் வரட்டுமாடி?’ என்று கேட்டாள். எதுக்கும்மா சிரமம், நாங்க பாத்துக்கறோம் என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சொன்னேனே தவிர, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிறகு வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளாக இருக்கும் என்று எழுந்து எழுந்து பார்த்தேன், தையல் போட்ட உடம்போடு. அவள் வரவில்லை. மரியாதை தெரிந்தவள், நான் சொன்னதை நம்பிவிட்டாள். அவளிடம் இதை நான் கடைசி வரை சொல்லவே இல்லை.

நீயும் என் மகள்தான், அதனால் நான் உன்னை நம்பப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்புகிறோம், வியாழன் சாயங்காலம் வந்து சேருவோம். நிஜமாகவே வேண்டாம் என்றால், சிரமம் அலைச்சல் என்றெல்லாம் சேர்க்காமல் வராதே என்று போனில் ஒரே வார்த்தை சொல்லிவிடு, நான் கொஞ்சம் அழுவேன், ஆனால் கோபப்பட மாட்டேன். அப்படிச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்றால் நான் வருகிறேன் என்று அர்த்தம்.

கடவுள் உன்னையும் உள்ளே இருக்கிறவளையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், பிரசவம் லேசாக ஆகட்டும், மாத்தேயோவுக்கு எங்கள் ஆசீர்வாதம். காலைத் தூக்கி வைத்து உட்கார், துவைத்த துணிக் கூடையைத் தூக்காதே, மத்தியானம் சாப்பிடாமல் இருக்காதே. அப்பா இப்போது வரைபடத்தில் நெப்ராஸ்கா வரை கோடு போட்டு முடித்திருக்கிறார், உனக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்கச் சொன்னார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதே.

உன்னைப் பார்க்க ரொம்ப ஆசையாக இருக்கும்,
அம்மா மார்லிஸ்