பிணையாகப் போன துப்பாக்கி

30 செப்டம்பர் 1993, வியாழன்

இந்த நோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி வரும் பக்கங்களை ஒருவனும் நம்பமாட்டான். நம்புகிறவன் எவனாவது அகப்பட்டால் அவனிடம் என் கழுதையை விற்றுவிடலாம்.

பீரங்கியைக்கூடப் பேசிப் பேசியே பாதி விலைக்கு இறக்கக்கூடிய நான், இன்று ஆயுதச் சந்தையில் ஒரு பழைய கைத்துப்பாக்கி வாங்கினேன். பெல்ஜியத்துச் சரக்கு. நிக்கல் பூசியது. பூச்சு இப்போது காய்ந்த மீன் மாதிரி செதில் செதிலாக உரிந்து, உரிந்த இடத்தில் செம்பு தெரிகிறது. என் டிரான்சிஸ்டரையும் ஒரு மூட்டை காப்பித் தோலையும் கொடுத்து வாங்கினேன்.

"யாருதுப்பா இது?" என்று கடைக்காரன் காயிதைக் கேட்டேன்.

"ஷேக் வீட்டு ஆளு ஒருத்தரு வித்தாரு. அதுக்கு மேல கேக்காதீங்க மாமா."

கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவி தக்கிய்யா பார்த்தாள். "ஊர்ல இருக்கிற துருவெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வரணுமா?" துருக்கிப் பாஷா ஒருவரின் இடுப்பில் இருந்த துப்பாக்கி இது என்றேன். அவர் சுட்டால் குண்டுக்கு முன்னால் சத்தம் போய் மன்னிப்புக் கேட்குமாம். அவள் சிரிக்கவில்லை. போன வருஷத்திலிருந்து என் பேச்சுக்கு அவள் சிரிப்பதே இல்லை.

1 அக்டோபர்

துப்பாக்கி மண்ணெண்ணெயில் ஊறுகிறது. நானும் வாயில் அதக்கிய காத் இலையின் போதையில் ஊறுகிறேன்.

3 அக்டோபர், ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

பிடியின் இரண்டு பக்க மரத்தையும் கழற்றினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்கு அழுக்கு. துடைத்தேன். இரும்பில் ஆணியால் வெட்டிய எழுத்து: முஸ்லிஹ்.

முஸ்லிஹ் தக்கிய்யாவின் அண்ணன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் சண்டையில் அவன் மகன் சினான் அடித்து எதிர்வீட்டுக்காரன் ஒருவன் செத்தான். இங்கே தப்பு செய்த பக்கம் தன் ஆயுதத்தை ஊர்த் தலைவரான ஷேக்கிடம் பிணையாக வைக்க வேண்டும். பிணை கிடக்கும்வரை எதிர்ப்பக்கம் கை ஓங்காது. தீர்ப்பு வந்த பிறகு ஆயுதம் வீடு திரும்பும், பையனும் திரும்பலாம். முஸ்லிஹ் தன் துப்பாக்கியை வைத்தேன் என்கிறான். 'அவன் எதுவுமே வைக்கல' என்றுவிட்டார் ஷேக். சாட்சி சொல்ல இருந்த இருவரும் செத்துப் போனார்கள். சினான் ஹுதைதாத் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறான். பள்ளத்தாக்கில் காலை வைத்தால் செத்தவனின் ஆட்கள் சுடுவார்கள்.

"பிடிக்கு அடியில என் பேர வெட்டியிருக்கேன், அத கொண்டாந்து காட்டுங்க." பன்னிரண்டு வருஷமாகக் காத் மெல்ல உட்காரும் ஒவ்வொரு சபையிலும் முஸ்லிஹ் இதைத்தான் சொல்கிறான். நாங்கள் அவனைக் 'கல்வெட்டு' என்று கூப்பிடுவோம். பெயர் வைத்தது நான்தான்.

போன வருஷம் அதே சபையில், "சினான் வந்துட்டான், பாலத்துக்கிட்ட நிக்கிறான்" என்று மெல்ல அவன் காதில் போட்டேன். செருப்புகூடப் போடாமல் ஓடினான். பொழுது இருட்டும்வரை பாலத்தில் நின்றிருக்கிறான். பள்ளத்தாக்கே சிரித்தது. தக்கிய்யா சிரிப்பை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

இப்போது முஸ்லிஹுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. மூச்சு விசிலடிக்கிறது. குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் பையனைக் கொண்டுவரும் சாவி என் மடியில் கிடக்கிறது.

4 அக்டோபர்

அவன் வீடு நாற்பது அடி தூரம். இன்றைக்கே போய்க் காட்டலாம். காட்டலாம்தான்.

ஆனால் யோசி, ஹிஸாம். பதினைந்தாம் தேதி ஷேக்கின் பேரனுக்குக் கல்யாணம். இரண்டு பக்கத்து ஆட்களும், ஏழு கிராமமும், ஷேக்கும் ஒரே கூடாரத்தில். அங்கே எழுந்து, மரத்தைக் கழற்றி, அந்தப் பெயரைக் காட்டினால்? மலைகள் எழுந்து நின்று சலாம் வைக்கும். அதற்கு இந்த உரிந்த மீனையா தூக்கிக்கொண்டு போவேன்? பெயர் வெள்ளி மாதிரி பளபளப்பின் நடுவில் நிற்க வேண்டாமா?

பதினொரு நாள். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவனுக்குப் பதினொரு நாள் என்ன?

5 அக்டோபர்

சபையில் முஸ்லிஹின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"என்ன கல்வெட்டு, துப்பாக்கி கெடைச்சுதா?"

"கெடைக்கும்."

"கெடைச்சா எனக்கு என்ன தருவ?"

"என் வீட்டையே எழுதித் தர்றேன் மச்சான்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். துப்பாக்கி என் இடுப்பில் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். இவ்வளவு இனிப்பான காத்தை நான் மென்றதே இல்லை.

7 அக்டோபர், வியாழன்

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போதவில்லை. நாவிதன் கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பாட்டிலோடு வாங்கி வந்தேன். மூடியைத் திறந்ததும் மூக்கு என்னை விட்டு ஓடிப்போனது. துப்பாக்கியை அதில் போட்டுவிட்டு மதியத் தொழுகைக்குப் போய், அப்படியே ஒரு தூக்கமும் போட்டு வந்து பார்த்தால், தண்ணீர் நீலம். அந்தத் திரவம் அடியிலிருந்த செம்பைத் தின்றிருக்கிறது. செம்பு போனதும் மேலே இருந்த நிக்கல் தோல் தோலாக மிதக்கிறது.

பெயருக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. இன்னும் தெளிவாக இருக்கிறது.

புதுப் பூச்சுதான் வழி. தலைநகர் சனாவுக்குப் போக வேண்டும்.

10 அக்டோபர்

சனாவில் லாரி பம்பர்களுக்குப் பூச்சுப் போடும் அப்துவிடம் கொடுத்தேன். தொட்டியில் பச்சைத் தண்ணீர். அதில் ஒரு அரசனையே முக்கி எடுக்கலாம். "உள்ளும் புறமும் போடணும். மரத்துக்கு அடியிலயும் விடாத. கண்ணு போகாத எடத்துலயும் கண்ணு கூசணும்" என்றேன்.

"ஒரு கீறல் இருக்காது மாமா."

அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். பாஷாவின் கதையை ஒரு மணி நேரம் சொன்னேன். கூலியாட்கள் தேய்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

14 அக்டோபர்

வாங்கி வந்துவிட்டேன். சூரியனுக்கே வெட்கம் வரும். என் மீசையில் எத்தனை நரை என்று அதில் எண்ணினேன். மரத்தை அப்துவே இறுக்கித் திருகியிருந்தான். நாளைக்குச் சபை நடுவில் கழற்றினால் போதும்.

"உங்கண்ணனுக்கு நாளைக்கு ஒரு பரிசு இருக்கு" என்றேன் தக்கிய்யாவிடம்.

"உங்க பரிசு ஒண்ணும் வேணாம். அவரச் சும்மா விடுங்க."

15 அக்டோபர், வெள்ளி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

நன்றாகத்தான் பேசினேன். கூடாரம் மூச்சு விடவில்லை. பிணை வைத்ததையும், அதை மறுத்ததையும், சந்தையில் கண்டெடுத்ததையும் சொல்லும்போது ஷேக்கின் முகம் சுண்ணாம்பானதை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். முஸ்லிஹ் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"தொறந்து காட்டு, ஹிஸாம்" என்றார் ஷேக்.

திருகைக் கழற்றினேன். மரம் வந்தது. அடியில் வழவழவென்று நிக்கல். ஒரு கோடுகூட இல்லை. மற்றப் பக்கத்தையும் கழற்றினேன். அதிலும் இல்லை.

முதலில் சிரித்தவர் ஷேக். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாலத்துக் கதைய விட இது நல்லா இருக்குப்பா" என்றார். அப்புறம் ஏழு கிராமமும் சிரித்தது.

முஸ்லிஹ் கிட்டே வந்து அதை வாங்கினான். பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். இரண்டு மூன்று தரம். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"மச்சான், அன்னைக்குப் பாலம் வரைக்கும் ஓடினேனே. அது போதாதா ஒனக்கு?"

16 அக்டோபர்

விடிந்ததும் சனாவுக்கு ஓடினேன்.

"ஆமா, கீறல் இருந்துச்சு. ஆழமா வேற. சக்கரத்துல வச்சுத் தேச்சு எடுக்கவே அரை நாளாச்சு" என்றான் அப்து. பெருமையாகச் சொன்னான்.

"அது பேருடா."

"எனக்கு எழுத்துத் தெரியாதே மாமா. யாரு, பாஷா பேரா?"

பெயர் இருக்கிறது, தொடாதே என்று ஒரு வார்த்தை. இவ்வளவு பேசும் வாயில் அந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லாமல் போனது எப்படி? ஷேக்கிடம் அப்துவைக் கூட்டிப் போனால்? கீறல் இருந்தது என்பான். எந்தத் துப்பாக்கியில் கீறல் இல்லை?

17 அக்டோபர்

கடைக்காரன் காயித்: "எந்த ஷேக்கு? நான் அப்படிச் சொல்லவே இல்லையே. அது வடக்கேருந்து வந்த சரக்கு."

2 நவம்பர்

முஸ்லிஹ் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே விசில் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

11 நவம்பர்

தக்கிய்யா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"நெசமாவே பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்கண்ணன் தலைமேல சத்தியமா?"

"சத்தியமா."

தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

9 டிசம்பர், வியாழன்

முஸ்லிஹை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகிறது. மகன் இறங்க வேண்டிய குழியில் நான் இறங்கினேன். உடம்பில் கனமே இல்லை. சினானுக்குத் தந்தி போயிருக்கிறது. வராதே என்று தக்கிய்யாதான் எழுதச் சொன்னாள்.

இன்று துக்க சபை. ஷேக் நடுவில் சாய்ந்திருந்தார். காத் கட்டுகள் கைமாறின. பிறகு அவரே, "ஹிஸாம், அந்தத் துப்பாக்கிக் கதைய எடுத்து விடேன். சனங்க மனசு லேசாகட்டும்" என்றார்.

எழுந்து போயிருக்கலாம். சொன்னேன். பாஷாவுக்கு இரண்டு யானை கொடுத்தேன். நிலாவைக் காய்ச்சி நிக்கலில் கலந்தேன். மரத்தைத் திறந்து காட்டிய இடத்தில் என் முழியை நானே நடித்துக் காட்டினேன். காத் சாறு வாயோரம் வழியச் சிரித்தார்கள். ஷேக் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பெண்கள் பக்கத்துச் சுவருக்கு அப்பால் தக்கிய்யாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

பாஷா பொய். யானை பொய். நிலா பொய். இந்த நோட்டிலும் பாதி பொய்தான். பிடியின் மரத்துக்கு அடியில், ஒரு இடத்தில் ஆணி வழுக்கிய தடத்தோடு, 'முஸ்லிஹ்' என்று வெட்டியிருந்தது மட்டும் உண்மை.