கையால் மறைத்த பக்கம்

1998, மார்ச் 2, திங்கள்

காலை எட்டுக்கே சுள்ளென்று வெயில். மாவு அரைக்க வேண்டும், கேஸ் பதிய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. மகள் சுகந்தியின் பள்ளியில் கூப்பிட்டனுப்பினார்கள்.

டீச்சர் ஒன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து சு.விடம் கொடுத்தார். கடகடவென்று படித்தாள். என் பிள்ளையாக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பக்கத்தைக் கையால் மறைத்தார். சு. நிறுத்தவே இல்லை. கடைசி வரி வரை போய்விட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"ரட்டா மார்தீ ஹை" என்றார் டீச்சர் இந்தியில். எல்லாம் மனப்பாடம். எழுத்தைப் பார்ப்பதே இல்லையாம். 20ஆம் தேதி புதுப் பாடம் ஒன்றைக் கொடுத்துப் படிக்க வைப்பார்களாம். படிக்கவில்லை என்றால் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு.

தப்பு என்னுடையதுதான். தினமும் சாயங்காலம் நான் முதலில் படிப்பேன், அவள் பின்னாலேயே சொல்வாள். பத்துத் தடவை. வேலூரில் நான் வாய்ப்பாடு படித்தது அப்படித்தான். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் படிக்க வைத்துக் கைதட்டல் வேறு. நினைத்தால் கூசுகிறது.

மார்ச் 4, புதன்

டீச்சர் சொன்னவை: 1) புதுப் புத்தகம். 2) விரல் வைத்துப் படிக்க வேண்டும். 3) அம்மா வாய் திறக்கக் கூடாது.

மூன்றாவதுதான் கஷ்டம்.

மாடி வீட்டு அக்கா தன் பெண்ணின் பழைய ஆங்கிலக் கதைப் புத்தகம் கொடுத்தார்.

"நீ ஒரு தடவ சொல்லும்மா, நான் அப்புறம் படிக்கிறேன்."

"மாட்டேன். நீயே படி."

ஒரே அழுகை. அரை மணி நேரத்தில் நான்கு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கொத்தவரங்காய் நறுக்கினேன். விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

உளுந்து, சோப்பு, சு.வுக்கு ரப்பர். எங்கள் போபோடி கடைத்தெருவில் நின்றுவிட்டாள். "ம்மா, அங்க மில்க்னு போட்டிருக்கு."

பூட்டிய கடை. பால் பாக்கெட், பசு படம் எதுவும் கிடையாது. போர்டு மட்டும்தான். எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்! ரப்பர் வாங்க மறந்தேன்.

மார்ச் 14, சனி

இவருக்கு ஃபாக்டரியில் இன்று அரை நாள். சு. படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சமையலறைக்கு வந்தார். முகமே சரியில்லை.

"என்னடி இது, முன்னெல்லாம் கடகடன்னு படிப்பா. இப்ப இப்படித் திக்குறா. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"அப்ப படிக்கலீங்க. இப்பதான் படிக்கிறா."

அவருக்குப் புரியவில்லை. தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, உடனே போய்க் காலண்டரில் நாளை எண்ணினேன். இன்னும் ஆறே நாள்.

மார்ச் 20, வெள்ளி

வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாக அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. சத்தமே இல்லை. பிறகு ஒரு வார்த்தை. பிறகு மறுபடி சத்தமே இல்லை. போச்சு என்றே நினைத்தேன்.

டீச்சர் வெளியே வந்தார். "அடக் அடக் கே படா. லேகின் படா." தடுமாறித் தடுமாறித்தான், ஆனால் படித்துவிட்டாள். இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

அப்பாடா. பள்ளி வாசலில் நின்றே அழுதேன். யார் பார்த்தால் என்ன. இவர் ஜிலேபி வாங்கி வந்தார், டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று நான் சொல்லாமலேயே பழைய பாடப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். மிருகக்காட்சிசாலைப் பாடம், தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். இன்று விரல் வைத்து மெதுவாகப் போனாள். நடுவில் நின்றாள்.

"ம்மா, இங்க ஒரு வரி இருக்கு. நீ இத எனக்குச் சொல்லவே இல்ல."

காண்டாமிருகத்தைப் பற்றிய வரி. அதன் ஆங்கிலப் பெயரை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. வருடம் பூராவும் அதைத் தாண்டி ஒட்டகச்சிவிங்கிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"எனக்கு அதப் படிக்க வரலடி."

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். "சரி வா, ரெண்டு பேரும் படிக்கலாம்."

'ரி... நோ...' வரை வந்திருக்கிறோம்.