மத்தியானத்தையும் சேர்த்து எழுது

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், ஆறும் கரைக்குள் அடங்கிச் சுகமாகத்தான் ஓடுகிறது, அந்தக் குளிர் ஊரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மன் கோவிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து வாழைத்தோட்டத்துப் பாத்தி மாதிரி வளைந்துதான் போகும், நீ பொறுத்து வாசிக்கவேண்டும்.

உன் கடிதம் வந்தது மகளே. தபால்காரர் நடராஜ் வழக்கம்போல உறையைக் கிழித்து வாசித்துக் காட்டக் கையை நீட்டினார், கொடும் வே நானே வாசிச்சுக்கிடுதேன் என்றேன். அவர் பைக்கை அணைத்துவிட்டு நான் வாசிக்கிறேனா நடிக்கிறேனா என்று நின்று பார்த்தார். நீ எனக்காகப் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தாய், அதனால் சுகம் விசாரித்த இடமெல்லாம் தட்டாமல் போயிற்று, ஹெலிகாப்டர் என்ற இடத்தில் மட்டும் முள்வேலியில் வேட்டி மாட்டின மாதிரி நின்றுவிட்டேன். நடராஜ் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தார், சும்மா இரும் என்று சொல்லி எழுத்துக் கூட்டி முடித்தேன். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற சித்ரலேகா டீச்சரிடம் சொன்னபோது மாலை வகுப்பில் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறாய், ஆனால் போனில் ஒருநாளும் சொல்லாததைக் கடிதத்தில் சொல்லியிருக்கிறாய், இதற்காகவே எழுத்துப் படித்தது நல்லதாகப் போயிற்று என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

நீ எழுதினதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. உங்கள் அலுவலகம் மலைக்கிராமங்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோக ஹெலிகாப்டர் வாங்கப்போகிறது, இரண்டு கம்பெனி வந்திருக்கிறது. ஒரு வண்டி விலை குறைவு, மற்றதில் மூன்று வாங்குகிற பணத்துக்கு இதில் ஐந்து வாங்கலாம். காலைக் குளிர்ச்சியில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டும் சொன்ன பாரத்தைத் தூக்கின. நீ இருந்து பார்த்த அன்று மட்டும் மத்தியான வெயிலில் உயரமான இடத்தில் குறைந்த விலை வண்டி சொன்னதில் பாதி ஆளைத்தான் தூக்கிற்று. அதைக் குறிப்பில் எழுதினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும், ஒரு மழைக்காலம் வண்டியே இல்லாமல் போய்விடும், காலைக் கணக்கு போதுமே என்கிறார் உன் மேலதிகாரி. அவரும் கெட்ட மனிதர் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட வேண்டியவள் நீ. அதற்கு முன் வெள்ளத்து மார்கழியில் மாடியில் நின்றபோது நடந்ததை எழுதி அனுப்புங்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய். என்னை நம்பி ஒன்று கேட்டாயே, அதற்கே நான் கொடுத்துவைத்தவன்.

சொல்கிறேன். பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் கருப்பட்டிக்கடை மாடியில் எட்டுப் பேர் நின்றோம். கீழே கடை முங்கிவிட்டது. உன் அம்மாவுக்குத் தகரம் கிழித்துக் காலில் ரத்தம் நிற்கவில்லை, என் வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தேன். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த மத்தியான நேரம் ஹெலிகாப்டர் வந்தது. பச்சை உடுப்புப் போட்ட ஒரு பையன் கயிற்றில் இறங்கி நான்கு விரலைக் காட்டினான். நம் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா, உயிர் போகிற நேரத்திலும் மரியாதை பார்த்தார்கள், அண்ணாச்சி நீங்க முதல்ல ஏறுங்க என்றார்கள். அண்ணாச்சியின் உடம்பைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை, அதோடு உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பம் ஒன்றைத் துண்டில் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு அதையும் விடாமல் ஏறினார். அடுத்து காய்ச்சலில் கிடந்த கிறிஸ்டி, அவளுக்குப் பிறகு நடக்க முடியாத கோமு. நான்காவதாக உன் அம்மாவின் இடுப்பில் பட்டையைக் கட்டிவிட்டான். அந்த நேரம் மேலே வண்டி திணறி ஆடிற்று, மேலேயிருந்து ஏதோ கத்தினார்கள், அவன் கட்டின பட்டையை அவிழ்த்தான். காட்டின விரலில் ஒன்றை மடக்கிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேலே போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. கடைக்காரருக்கு இடம் இருக்கு, கூலிக்காரன் பொண்டாட்டிக்கு இல்லையா என்று அன்றைக்கு ஏசினவன், உன் கடிதம் வரும்வரை ஏசிக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் படிப்படியாக ஏறிற்று, உன் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். பொழுது சாய்ந்து குளிர்ந்த காற்று வந்தபோது ஹெலிகாப்டர் திரும்பி வந்தது, மிச்சமிருந்த ஐந்து பேரையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் இறக்கிற்று. இது பெரிய வண்டி, இவன் நல்லவன் என்றேன். உன் அம்மா, அதே வண்டிதான், அதே பையன்தான், தாடையில தழும்பு இருக்கு பாரும் என்றாள். மத்தியானம் நாலாவது ஆளைத் தூக்காத வண்டி சாயங்காலம் ஐந்து பேரைத் தூக்கினது எப்படி என்று எனக்கு விளங்கவேயில்லை.

உன் கடிதத்தில்தான் விளங்கிற்று. வெயில் ஏறினால் காற்று இளகிவிடும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும், டேங்க் நிறைய எண்ணெய் இருந்தால் அதுவும் பாரம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவன் ஆள் பார்த்து விடவில்லை மகளே, வண்டிக்கு மூச்சு இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சி கடையில் சத்தமாக வாசித்தேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு, ஏலே பூதத்தான், அப்ப நான்தாம்லே உன் பொண்டாட்டி எடத்தையும் சேத்து எடுத்துக்கிட்டனா என்றார். உன் அம்மா சும்மா இருப்பாளா, நீங்க இல்ல அண்ணாச்சி, ஒங்க கருப்பட்டிச் சிப்பம்தான், அடுத்த வெள்ளத்துக்கு ஒங்களுக்குத் தனியா ஒரு வண்டி வாங்கச் சொல்லி எம் மகளுக்கு எழுதச் சொல்லுதேன் என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அண்ணாச்சியும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கால் கிலோ கருப்பட்டியைப் பொதிந்து அவள் கையில் வைத்தார். அதைத்தான் உனக்குச் சுக்கோடு சேர்த்துப் பார்சல் போட்டிருக்கிறேன்.

எதை வாங்கவேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ரெண்டாவதா ஒரு வண்டி இருந்திருந்தா ஒங்க மாடிக்கு அப்பவே வந்திருக்கும்லா, எண்ணிக்கைதான் முக்கியம் என்று ஒரு பாதி, நிறைய வந்து நின்னு என்ன செய்ய, தூக்கணும்லா என்று மறு பாதி. இரண்டும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. வண்டியே இல்லாத மழைக்காலம் எப்படியிருக்கும் என்றும் எனக்குத் தெரியும், அதனால் உன் மேலதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். முடிவு எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். ஆனால் நீ கண்ணால் பார்த்த மத்தியானத்தையும் சேர்த்து எழுது. வெள்ளம் காலைக் குளிர்ச்சி பார்த்து வருவதில்லை.

கையெழுத்தை நினைத்தால் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் நான் பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினேன், ஒருநாளும் நடுங்கினதில்லை, எதில் அழுத்துகிறேன் என்று தெரிந்தால்தானே நடுங்க. போன மாதம் பேங்கில் காகிதத்தை முழுக்க வாசித்துவிட்டு முதல்முறையாகப் பெயர் எழுதினேன், கை ஆடி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பைய எழுதுங்க தாத்தா என்று பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளை காத்திருந்தாள். நடுக்கம் வந்தால் வரட்டும் மகளே, பைய எழுது.

உன் அம்மாவின் கால் ஆறிவிட்டது, மழைநாளில் மட்டும் இழுக்கிறது. கிறிஸ்டி நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள், உன்னைக் கேட்டாள். இதுவரை எழுதினதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டேயிருந்தவள், என் இடுப்புப் பட்டையை அவுக்கும்போது அந்தப் பையன் கையும்தான் நடுங்கிச்சு, குளிருதுன்னு நெனச்சேன், அன்னைக்கு வெயில்லா அடிச்சுது என்றாள். அவனை இனி நான் ஏசமாட்டேன், எந்த ஊர்ப் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். கட்டின பட்டையை அவிழ்க்கிற வேலை இன்னொரு பையனுக்கு வராமல் இருக்க உன்னால் ஆனதைச் செய்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பேரோடு இருக்க நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். கம்பளிச் சட்டையை மறக்காதே, சுக்குக் கருப்பட்டியை ராத்திரி கொதிக்கவைத்துக் குடி. பதிலும் பெரிய எழுத்திலேயே எழுது, யாரையும் கூப்பிடாமல் வாசிப்பேன்.

இப்படிக்கு,
பெருவிரல் வைக்காமல் பெயர் எழுதும் உன் அப்பா
சங்கிலிபூதத்தான்