தம்பிக்காகச் சொன்ன ஜெபம்

செங்கல்பட்டு,
8.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். அம்மா இப்போதாவது சரியாகச் சாப்பிடுகிறார்களா?

விடுதியில் ஒன்று நடந்தது, கவலைப்படாதீர்கள். நேற்று மாலை ஜெபம் என் முறை. எனக்குத் தெரிந்தது உங்கள் ஜெபம்தான், அதையே சொன்னேன். வழக்கம்போல, "கிதியோனின் மூச்சிழுப்பை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்றும் வந்துவிட்டது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். தம்பி கிதியோனை அடக்கம் செய்துவிட்டோம் என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"இன்னாடி, எங்கள ஆமென் சொல்ல வச்சிட்டு நீ சும்மா கீற?" என்றாள் என் அறைத்தோழி சிநேகா.

வார்டன் அக்கா தனியாகக் கூப்பிட்டு, "செத்தவங்களுக்கு ஜெபம் பண்றது நம்ம சபையில கெடயாதும்மா. அந்தப் பேர வுட்டுடு" என்றார்கள்.

எனக்கு ஒரு போர்வை வேண்டும். தேங்காய் எண்ணெயும் தீர்ந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு நம் வீட்டில் நீங்கள் ஜெபமே செய்யவில்லை. லீவுக்கு வரும்போது செய்வீர்களா அப்பா? அவன் பெயரை விட்டுவிடுவதாக இருந்தால் முன்பே எழுதிவிடுங்கள். நான் இங்கேயே பழகிக்கொண்டு வருகிறேன்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
பெர்சிஸ்